சிலோன் பெட்டி

கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைக் குடியிருப்புகளில் ரேஷன் கார்டும் ஆதாரும் பீரோவில் இருக்கும். பழைய பாஸ்போர்ட் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில் இருக்கும். காலாவதியாகி ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்ட அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பயணத்தின் முத்திரைகள்தான் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறியது, ராமேஸ்வரத்தில் இறங்கியது. அத்தோடு சரி. ஆனாலும் அதை எடுத்துக் காட்டச் சொன்னால், பெரியவர்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொடுகிறார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று அதில் எழுதினார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியக் கணக்கில் விழுந்தவர்களுக்கு இங்கே 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் 1976-இல் டான்டீ என்ற நிறுவனமானது. தாயகம் திரும்பியவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அரசாங்கத் தாள்களில் இடம்பெறாத சங்கதி.

இப்படியொரு பெட்டியின் தாள்களை எடுத்துக்கொண்டு, அவை வந்த வழியே திரும்பிப் போகக் கிளம்பியவர் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பேத்தி. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு வந்து தங்கியபோது கட்டில், பாத்திரங்களோடு அந்தப் பெட்டியும் வந்தது. வீட்டில் அதற்கு 'சிலோன் பெட்டி' என்று பெயர். உள்ளே தாத்தாவும் அப்பாயியும் சேர்ந்து இருக்கும் ஒற்றைப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஹட்டன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் விடுவிப்புச் சான்று, தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், நீல ஏரோகிராம் கட்டு, ஏழெட்டுப் படங்கள் இருந்தன. அப்பாவுக்கு அவற்றில் பாதி எதற்கென்றே தெரியாது. எட்டு வயதில் கப்பல் ஏறியவர் அவர்.

கணக்கு பார்க்கிறவர்களின் கண்ணே தனி. பேத்தி முதலில் செய்த காரியம், எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கியது. அடுக்கியவுடன் ஒன்று புலப்பட்டது. 1971-க்கு முன்னால் அந்தக் குடும்பத்துக்குப் படமே இல்லை. முதல் படம் பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. அதுவரை மூன்று தலைமுறையும் கேமராவுக்கு முன்னால் நிற்காமலே வாழ்ந்து முடித்திருக்கிறது. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ போகாத ஸ்டுடியோவுக்கு, நாட்டை விட்டுப் போவதற்காகப் போயிருக்கிறார்கள். தாத்தா கழுத்துப் பித்தான் வரை போட்டிருக்கிறார். அப்பாயி முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டியபடி, கேமராக்காரர் சொன்ன திசையில் பார்க்கிறார். பிள்ளைகளுக்குப் படம் தேவைப்படவில்லை. பெயரும் பிறந்த தேதியும் போதும் என்று விட்டிருக்கிறார்கள். அதனால் எட்டு வயது அப்பா எப்படி இருந்தார் என்று பார்க்க இன்றுவரை வழியில்லை.

பெயர்களும் அப்படியொன்றும் நிலையாக நிற்கவில்லை. தாத்தாவின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, தோட்டச் சான்றில் இன்னொரு மாதிரி, குடும்ப அட்டையில் இரண்டுக்கும் ஒட்டாத மூன்றாவது மாதிரி. பிறந்த ஆண்டு தாளுக்குத் தாள் நான்கு வருடம் முன்பின்னாகப் போகிறது. இதைக் குடும்பத்தின் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். எழுதியவர்கள் கணக்கப்பிள்ளைகளும் குமாஸ்தாக்களும். சொன்னவர்களுக்கு எழுதியதைப் படித்துத் திருத்தத் தெரியாது, திருத்தச் சொல்லும் துணிச்சலும் இருந்திருக்காது.

இனி அந்தத் தாள்கள் வந்த பாதையில் திரும்பிப் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

முதல் நிறுத்தம் மண்டபம். பாம்பனுக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் ஈழ அகதிகள் முகாம்தான் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய கதை தேயிலைக்கானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்தி வைத்துச் சோதிக்க, இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. ஒரு வாரம் போல அடைத்து வைத்து, அம்மை குத்தி, காலரா இல்லையென்று தெரிந்த பிறகு ரயில் ஏற்றுவார்கள். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. மார்ச் முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் சீட்டெடுத்து நடுவில் ஒரு கப்பலேறிக் கொழும்பில் இறங்கலாம். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தொண்டி, அம்மாப்பட்டினம் கரைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலையேறுவது வழக்கம். அந்த நடையைப் பற்றித் துரைமார் எழுதிய அறிக்கைகள் கிடைக்கின்றன. நடந்தவர் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் அது புதையல்.

அவர்களுக்கென்று தாள்கள் இருந்தன, ஆனால் அவர்கள் கையில் இல்லை. 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. கடன், ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி பெயரில் ஏறி, ஆட்கள் தலையில் இறங்கும். தோட்டம் மாறும்போது ஆளோடு கடனும் கைமாறும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் இதை ஒழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டும் வந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த சின்னத் தகடு. கழுத்தில் கட்டிவிட்டால் ஆள் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வழியெங்கும் தெரியும். தகட்டில் பெயர் கிடையாது.

மண்டபம் முகாமுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. பேத்தி சாலையோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா போனபோது இங்கே இருந்திருக்கிறார், தாத்தா திரும்பியபோதும் இங்கேதான் இறக்கியிருக்கிறார்கள். எப்போது போனார் என்பதற்குத் தாளில்லை. ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. கூலித் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தடை செய்தது. தாத்தா 1935 வாக்கில் தோட்டத்தில் பிறந்தவர். ஆக, அதற்கும் முன்பே அவர்கள் அக்கரை போய்விட்டார்கள். தேதியில்லாத இடத்தில் சட்டப் புத்தகத்தைக் கொண்டு தேதி கட்டுவது குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்குக் கைவரவேண்டிய வித்தை.

ராமேஸ்வரத்துக்குப் புதிய பாம்பன் பாலத்தின் மேல்தான் ரயில் போகிறது. 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தில் வண்டிகள் ஓடுவதில்லை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்தபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே புறப்பட்டது. 1970-களில் தாயகம் திரும்பியவர்கள் பலரும் 'ராமானுஜம்' கப்பலைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். 1980-களில் போர் மூண்டதும் அந்தப் போக்குவரத்தும் நின்றது. தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். பேத்தி அக்கரைக்குப் போவதற்கு மதுரைக்குத் திரும்பி விமானம் பிடித்துக் கொழும்பில் இறங்க வேண்டியிருந்தது.

கொழும்புக் கோட்டையில் ஏறிய ரயில் கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் மூச்சு வாங்குகிறது. ரயில் பாதை 1867-இல் கண்டியை எட்டியது, 1884-இல் ஹட்டனை, மறு வருடம் நானுஓயாவை. முதலில் கோப்பிக்காகப் போட்ட பாதை. 1869-இல் கோப்பி இலைகளில் துருநோய் விழுந்தது, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அவருடைய பொருட்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த 19 ஏக்கரில் கொழுந்தெடுத்தவர்களின் பொருட்கள் எங்கே என்று அங்கே கேட்டால் அசட்டுக் கேள்வியாகத்தான் இருக்கும்.

ரயில் பெட்டியில் வெளிநாட்டுப் பயணிகள் சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிக் கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஸ்கோவன், ஸ்கீன், பிளாட்டே என்று இலங்கையில் கடை வைத்திருந்த படக்காரர்கள் தோட்டத்துப் பெண்களைப் படம் எடுத்து விற்றார்கள், பிறகு அஞ்சலட்டைகளாகவும் வந்தன. கூடையும் மூக்குத்தியுமாகச் சிரிக்கும் முகம் தேயிலை டப்பாக்களில் ஏறி உலகமெல்லாம் போனது. 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிப்போட்ட தாமஸ் லிப்டன் விளம்பரத்தில் யாருக்கும் சளைத்தவரில்லை. அந்த அட்டைகளுக்கு இப்போதும் விலையுண்டு. அவற்றில் இருக்கும் பெண் யாருடைய கொள்ளுப்பாட்டி என்று சொல்ல யாராலும் முடியாது. ஒரு சமூகத்தையே இத்தனை படம் எடுத்துவிட்டு, அந்தச் சமூகத்தின் வீடுகளில் ஒரு படம்கூட இல்லாமல் போனது விநோதம்தான்.

இந்த விநோதத்துக்கு ஒரு கல்லறைகூட இருக்கிறது. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரி தேவாலயத்தின் வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் தன் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். டென்னிசனையும் டார்வினையும் எடுத்த உருவப்படங்களால் பேர் பெற்றவர். 1875-இல் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கேன் தோட்டத்தில் இறந்தார். இலங்கையில் எடுத்தவற்றில் முப்பது படங்கள் போலத்தான் மிஞ்சின. இங்கிலாந்தில் எடுத்த பலருக்குப் பெயர் எழுதிய அந்த அம்மாள், இங்கே தன் முன்னால் நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை. உலகம் மெச்சிய கண், உண்மைதான். ஆனால் பக்கத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தவரிடம் உன் பேரென்ன என்று கேட்கத் தோன்றவில்லையே என்று பேத்தி கேட்டார். கல்லறையைக் காட்ட வந்த ஆட்டோக்காரர், "வெள்ளக்காரங்க நெறையப் பேர் இதப் பாக்க வாராங்க அக்கா, நம்ம ஆளு நீங்கதான்" என்றார்.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பதும் லேசாக முடியவில்லை. கடிதங்களில் இருந்த தோட்டப் பெயர் வரைபடத்தில் இல்லை. துரைமார் ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்களை வைத்தார்கள், தொழிலாளர்கள் தங்கள் வாய்க்குத் தோதாக வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் போட்டு எழுதிய பட்டியல் ஃபெர்குசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் இருக்கிறது. தந்தியும் ஆளும் போய்ச் சேர அது தேவைப்பட்டிருக்கிறது.

தோட்ட ஆபீசில் செக்ரோல் கேட்டால் சிரிக்கிறார்கள். செக்ரோல்தான் தோட்டத்தின் ஜாதகம். யார் எந்த நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார், எத்தனை ராத்தல் கொழுந்து, ஒரு பேரா அரைப் பேரா என்று அன்றாடம் எழுதுவது. முழு நாள் சம்பளம் கிடைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்தப் பேரேடுகள் ஒழுங்காக மிஞ்சியிருந்தால் மலையகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாள்வாரியான வரலாறு இருந்திருக்கும். 1970-களின் முற்பாதியில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992-இல் நிர்வாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. கைமாறும்போதெல்லாம் பழைய தாள்கள் அடுப்புக்கும் கறையானுக்கும் போயின. ஆபீஸ் ஐயா அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் அண்மைக் காலத்து ஏடுகள், கீழ்த் தட்டில் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகிப்போன தாள்கள். "பேர் தெரிஞ்சா லயத்துல போய்க் கேளுங்க மிஸ், ஆபீச விட அங்க நல்லாச் சொல்லுவாங்க."

அவர் சொன்னது சரி. இரண்டாம் லயத்தில் நின்று தாத்தா பெயரைச் சொன்னதும் ஒரு கிழவி எதிர் மேட்டைக் காட்டினார்.

சின்னத் தாத்தாவுக்கு எண்பது வயது. தாத்தாவின் கூடப் பிறந்த தம்பி. பேத்தி தான் யாரென்று சொன்ன பிறகும், கிழவர் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கண்ணன் மூக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு தேத்தண்ணி வந்தது, ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன, பக்கத்து அறைகளான காம்பராக்களில் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசியாகக் கிழவர் உள்ளே போய்த் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அங்கேயும் ஒரு தகரப் பெட்டி!

இரண்டு பெட்டிகளின் தாள்களையும் பாயில் பரப்பினார்கள். ஓர் ஒப்பந்தம் அண்ணன் தம்பியை எப்படிப் பிரித்தது என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணனிடம் இந்தியப் பாஸ்போர்ட். தம்பியிடம் பல வருடம் எதுவுமே இல்லை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதைத் தாள் காட்டி நிரூபிக்கச் சொன்னார்கள். கழுத்தில் தகரத்தோடு வந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புச் சான்று கேட்ட சட்டம் அது. மறு வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம், 1946-க்கு முன் கல்யாணமானவர்கள் ஏழு வருடமும் மற்றவர்கள் பத்து வருடமும் நாட்டில் இருந்ததைக் காட்டினால் மனுப் போடலாம் என்றது. 1951 ஆகஸ்டுக்குள் சுமார் 2,37,000 மனுக்கள் குவிந்தன. அவற்றில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. ஏற்றுக்கொண்டது ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் ஒரு தடவை தீர்த்த யாத்திரைக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய்வந்ததே தள்ளுபடிக்குப் போதுமானதாக இருந்தது.

அண்ணன் தம்பியின் அப்பா போட்ட மனுவின் நகல் சின்னத் தாத்தாவின் பெட்டியில் இருந்தது. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. மறுத்த கடிதமும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது. அந்த ரேகையைத் தவிர கொள்ளுத்தாத்தாவின் உருவமாக உலகில் வேறெதுவும் மிஞ்சவில்லை. பேத்தி அதைத்தான் முதலில் படம் எடுத்தார்.

"எதுக்குத் தாத்தா போனாரு, நீங்க ஏன் போகல?"

"எழுவத்து மூணு, நாலுல சாப்பாட்டுக்கு வழியில்ல புள்ள. மா இல்ல, அரிசி இல்ல. மரவள்ளியத் தின்னு செத்தவங்க உண்டு. அண்ணன் ஏற்கெனவே இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திருந்துச்சு. எம் பொஞ்சாதி வீட்டாளுங்க இலங்கைக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. நான் என்ன செய்ய?"

இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவருக்கும் கைக்குத் தாள் வந்து சேரவில்லை. 1986, 1988 சட்டங்களும் அந்தச் சிக்கலை முழுதாகத் தீர்க்கவில்லை. 2003-இல் வந்த 35-ஆம் இலக்கச் சட்டம்தான் மிச்சமிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது. பிறந்த மண்ணில் குடிமகனாகத் தாள் பெற்றபோது சின்னத் தாத்தாவுக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளில் இனம் என்ற கட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்றே இருக்கிறது. 1911 குடிசன மதிப்பில் தொடங்கிய பிரிவு அது. இந்தியாவுக்குப் போன அண்ணனை நீலகிரியில் 'சிலோன்காரர்' என்றார்கள். இரண்டு பக்கத்திலும் பெயர் மட்டும் தாராளமாகக் கிடைத்திருக்கிறது.

பிறகுதான் கடிதங்கள். கோத்தகிரிப் பெட்டியில் இருந்தவை தம்பி எழுதியவை. ஹட்டன் பெட்டியில் இருந்தவை அண்ணன் எழுதியவை. எந்த வீட்டிலும் ஐம்பது வருடமாகப் பாதிப் பேச்சுத்தான் இருந்திருக்கிறது. தேதி பார்த்து மாற்றி மாற்றி அடுக்கியபோது கேள்விக்குப் பதிலும் சண்டைக்குச் சமாதானமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சின்னத் தாத்தாவின் மகனான சித்தப்பா உரக்கப் படித்தார். நீலகிரிக் குளிர், கூப்பன் கடை, கொழுந்துக் காசு, பசுமாடு வாங்கியது, மாடு செத்தது. ஒரு கடிதத்தில் அண்ணன், வீடு என்று கொடுத்தது இங்கேயும் லயம்தான் என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதத்தில் தம்பி அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அம்மாவின் மோதிரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்த மோதிரச் சண்டை மூன்று வருடம் ஓடியிருக்கிறது. தபால்துறை செய்த புண்ணியத்தில் வரலாறு கிடைத்தது. வரலாறு என்றதும் இத்தனை மோதிரம் வரும் என்று பேத்தி எதிர்பார்க்கவில்லை.

கோத்தகிரிப் பெட்டியில் யாருக்கும் விளங்காமல் ஒரு படம் கிடந்தது. நாற்காலியில் மாலையோடு ஒரு மூதாட்டி, சுற்றிலும் பதினைந்து இருபது பேர். இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இந்த வழக்கம் உண்டு, கொஞ்ச காலம் முன்புவரை பல வீடுகளில் அதுவே குடும்பம் முழுதும் சேர்ந்திருக்கும் ஒரே படமாகவும் இருந்தது. இந்தப் படத்தின் காரணம் வேறு. 1980-களில் அம்மா இறந்தபோது அண்ணனால் கடல் தாண்டி வர முடியவில்லை, கப்பலும் நின்றுபோயிருந்தது. அம்மா போய்விட்டாள் என்பதற்கும் எல்லாம் முறைப்படி நடந்தது என்பதற்கும் சாட்சியாகத் தம்பி அந்தப் படத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். நின்றிருந்தவர்களைச் சின்னத் தாத்தா ஒருவர் ஒருவராகச் சொல்ல, பேத்தி எழுதிக்கொண்டார். ஓரத்தில் நிற்பது யார் என்று கிழவருக்கும் கூடியிருந்த பெண்களுக்கும் இடையே வாக்குவாதம் மூண்டு, தீரவில்லை. இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டு வைத்தார். நல்ல வேலை அது. பொய்யான உறுதியைவிட நேர்மையான கேள்விக்குறி அடுத்த தலைமுறைக்கு அதிகம் உதவும்.

வீட்டில் பழைய தாள் வைத்திருப்பவர்களுக்கு நடுவே ஒரு வார்த்தை. பத்திரமாக இருக்கட்டும் என்று பலரும் பாஸ்போர்ட்டை லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூடும் பசையும் ஏறிய தாளை மறுபடி பிரிக்க முடியாது, பின்பக்கத்து எழுத்தும் போய்விடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கக்கூடாது. சட்டத்தோடு அப்படியே படம் எடுத்து வைத்தால் போதும். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். சங்கதி பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்துக்குப் போனார். சமூக அபிவிருத்தி நிறுவகம் அங்கே ஒரு பழைய லயத்தையே 2007-இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. கவ்வாத்துக் கத்தி, கூடை, தப்பு, அம்மிக்கல், அடையாளத் தாள்கள் இருக்கின்றன. காம்பராவின் அளவுதான் அங்கே பெரிய காட்சிப்பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி போலத்தான் இருக்கும். ஹந்தானை அருங்காட்சியகத்து இயந்திரங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒற்றை அறை அதிகம் பேசுகிறது. சுவரில் இருந்த படங்கள் பலவற்றின் கீழே பெயர் எழுதியிருந்ததைப் பேத்தி நின்று நின்று படித்தார்.

பாஸ்போர்ட்டில் பூர்வீக ஊர் என்று ஒரு வரி இருந்தது. திருச்சி மாவட்டம், துறையூர் வட்டம், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். தாத்தா அங்கே போனதே இல்லை. தன் அப்பா சொல்லக் கேட்டதை அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார், அதிகாரி எழுதிக்கொண்டார். இந்தியாவுக்கு வந்தபின்னும் கோத்தகிரியோடு நின்றுவிட்டார். ஊரில் யார் இருக்கிறார்கள், யாரைப் போய்ப் பார்ப்பது என்று அப்பாயி தடுத்துவிட்டதாக அப்பா சொல்கிறார். சாதிச் சான்றிதழ் எடுக்க ஒருமுறை பூர்வீக ஊர் விவரம் தேவைப்பட்டது. அப்போதும் தாலுகா ஆபீசோடு காரியம் முடிந்தது.

மகா சிவராத்திரிக்குப் பேத்தி அங்கே போனார். குலதெய்வக் கோயிலுக்கு வெளியூரில் இருக்கும் பங்காளிகள் எல்லாரும் வந்து சேரும் நாள் அது. கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் சத்தத்துக்கு நடுவில், துணிப் பந்தலுக்கடியில் மேசை போட்டுக் கோயில் பொருளாளர் வரி வசூலித்துக்கொண்டிருந்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லி, கண்டிச்சீமைக்குப் போனவங்க வீடு என்றார் பேத்தி. பொருளாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நீள நோட்டைப் புரட்டினார். வருடா வருடம் பழைய நோட்டைப் பார்த்து, வரி கட்டும் குடும்பங்களான தலைக்கட்டுகளின் வரிசையைப் புது நோட்டில் படியெடுப்பது அங்கே வழக்கம். செத்தவர்கள் இடத்தில் மகன் பெயர் ஏறும். செத்தது தெரியாவிட்டால் பழைய பெயர் அப்படியே இருக்கும். வரிசையின் நடுவில் கொள்ளுத்தாத்தா இருந்தார். பக்கத்தில் 'கண்டி' என்று ஒரு குறிப்பு. அதற்கு நேரே வரிக் கட்டம் காலி.

"பாக்கி எத்தன வருசம்ங்க?"

"அதெல்லாம் யாரும்மா கணக்குப் பாக்குறது? இந்த வருசத்து வரி கட்டிருங்க. அப்பா இருக்காங்கல்ல? அவங்க பேர்ல மாத்திடுறேன்."

"எம் பேர்ல எழுத முடியாதா?"

"பொம்பளப் புள்ளைக்கு வரி இல்லம்மா. நன்கொடைன்னா எழுதலாம்."

ஆண் இருக்கும் வீடு முழுத் தலைக்கட்டு, விதவை இருக்கும் வீடு அரைத் தலைக்கட்டு என்று அவர் விளக்கமும் சொன்னார். லயத்தில் அரைப் பேர், ஊரில் அரைத் தலைக்கட்டு! பேத்தி அப்பா பெயரில் வரியும் தன் பெயரில் நன்கொடையும் கட்டி, இரண்டு ரசீதையும் முன்னும் பின்னும் படம் எடுத்தார். கோயம்புத்தூருக்கு ஒன்று, ஹட்டனுக்கு ஒன்று என்று அங்கேயே வாட்ஸப்பில் அனுப்பினார். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது. தன் பெயரையும் நோட்டில் ஏற்றச் சொல்லியிருந்தார்.

பொருளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

"அவங்க தனித் தலைக்கட்டுத்தான். ஆனா சிலோன் பிரஜைங்கறீங்க. அது கமிட்டில பேசணும்மா."